போன ஆவணிப் போத்தல்

நல்லபடி இருக்கிற வரைக்கும் வாயே திறக்க மாட்டான். கெட்டுப்போனால் மட்டும் ஒரேயொரு சொல் சொல்லுவான். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அவனைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடக் கூடாது. யார் அவன்? யோசித்துப் பாருங்கள், அவசரமில்லை. தர்மினிக்குத்தான் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. பலேர்மோ நகரத்தில், ஒரு நாலாம் மாடிக் குசினியில், ஆவணி மாதத்துக் கடைசி ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, தக்காளிச் சோஸ் போத்தல் ஒன்றின் மூடிமேல் வலக்கைப் பெருவிரலை வைத்தபடி அவள் நின்றபோது மகள் மிதுஷா குறுக்கே வந்தாள்.

"அம்மா, ஒரு விடுகதை. நானே கட்டினது. சொல்லட்டே?"

"சொல்லு பாப்பம்."

மிதுஷாவுக்கு ஒன்பது வயது. சோஸ் வைக்கிற நாளில் அடுப்பு மூட்டுவது அவளுடைய வேலை. அடுப்பு எரியத் தொடங்கி எண்ணெயில் உள்ளி பொரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் காஸ் லைட்டரைக் கீழே வைக்கவில்லை. விடுகதையைச் சொல்லி முடித்தாள். தர்மினியின் பெருவிரல் மூடியை அமுக்கியது. டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. தாய் வாயைத் திறக்குமுன், "போத்தல் மூடி! அம்மாக்குத் தெரியேல்ல, அம்மாக்குத் தெரியேல்ல!" என்று விடையையும் தானே சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் ஓடிவிட்டாள். தர்மினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினாள், சிரித்துக்கொண்டே போத்தலைப் பானைக்குள் கவிழ்த்தாள். சிவப்பு முழுவதும் எண்ணெய்க்குள் இறங்கி, சீறி, அடங்கிய பிறகுதான் அந்த டிக் அவளுடைய காதுக்குத் திரும்பி வந்தது. அது லைட்டரா, மூடியா?

யன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. மூன்று நாளாகச் சிறோக்கோ அடிக்கிறது. பாலைவனத்திலிருந்து கடல் தாண்டி வருகிற சூட்டுக் காற்று, செம்மண் தூளைக் கொண்டுவந்து பூட்டிய யன்னலின் இடுக்குக்குள்ளும் கோடு போட்டுவிடும். வானம் பழைய தேநீரின் நிறத்தில் இருந்தது. தர்மினி அகப்பையால் அடியைத் தடவிக் கிண்டினாள், நெருப்பைக் குறைத்தாள், மேசைமேல் கிடந்த மூடியை எடுத்துப் பெருவிரலால் அமுக்கினாள். டிக். மறுபடி அமுக்கினாள். டிக். திறந்த மூடி எப்போதும் அப்படித்தான் சொல்லும், அதில் அறிய ஒன்றுமில்லை, காற்றுப் புகுந்த பிறகு நல்ல மூடிக்கும் கெட்ட மூடிக்கும் ஒரே நாக்குத்தான். திறக்க முன்னம்தான் கேட்க வேண்டும். நடுவில் அமுக்கினால் அசையாமல் கல்லு மாதிரி இருந்தால் உள்ளே காற்றில்லை, சோஸ் பத்திரம். பள்ளமாகி டிக்கென்றால் போத்தலைத் திறக்காமலே குப்பைக்குப் போடு, நக்கிக்கூடப் பார்க்காதே. கீழ்வீட்டுப் பீனா அதை முதல் வருடமே விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். விரல் என்ன உணர்ந்தது என்று தர்மினி நினைத்துப் பார்த்தாள். பள்ளம் விழுந்ததா? விரலுக்கு ஞாபகமில்லை. விரலும் விடுகதை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. திருகும்போது புஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம் வந்திருக்க வேண்டும், நல்ல போத்தல் என்றால் வரும், வந்ததா? அப்போது மிதுஷா துள்ளிக்கொண்டிருந்தாள். மணந்து பார்த்தாள். தக்காளி மணந்தது, பசிலிக்கோ இலை மணந்தது, போன ஆவணியும் மணந்தது. பீனாவின் மைத்துனி வீட்டிலும் நல்ல வாசம்தான் வந்ததாம். தாயும் இரண்டு மகன்மாரும். முதலில் கண்ணில்தான் தொடங்கியதாம், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததாம், மேசையில் இரண்டு விளக்கு, சுவரில் இரண்டு மாதா படம். பிறகு விழுங்க முடியவில்லை. எத்தனை மணித்தியாலம் கழித்து? அடுத்த நாள், சில வேளை அதற்கும் அடுத்த நாள். அப்படியென்றால் இப்போது ஒரு கரண்டி குடித்துப் பார்த்தும் பலனில்லை. ஒரு மணிக்குள் எந்த விடையும் வராது. ஒரு மணிக்கு மிதுஷாவின் அப்பா வருகிறார்.

சோஸ் கொதிக்கத் தொடங்கியது. கொதிப்பு என்றால் துள்ளல் இல்லை. ஒரு குமிழ் மெல்ல எழும்பி, யோசித்து, பிளக் என்று உடைய வேண்டும், பிறகு கொஞ்சம் மௌனம், பிறகு இன்னொன்று. கொதித்தால் போய்விடுமே அந்த நஞ்சு. பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால் போதும் என்று பீனாவின் மகள் சொன்னாள், அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். பீனா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரிக்குத் தெரியும், செத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். அது ஒரு நியாயமே இல்லை, ஆனாலும் மறக்க முடியாத மாதிரிச் சொன்னாள். பத்து நிமிடம் எந்தக் கொதிப்பில்? இந்தப் பிளக் கொதிப்பா, துள்ளுகிற கொதிப்பா? நெருப்பைக் கூட்டினால் சோஸ் அடிப்பிடித்துக் கசக்கும், மிதுஷா ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாள், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவாள். தர்மினி நெருப்பைக் கூட்டினாள். உடனே குறைத்தாள். பானையின் விளிம்பைப் பார்த்தாள். ஒரு விளிம்புதான் தெரிந்தது.

இப்போது இந்தப் பழைய போத்தலை எதற்குத் திறந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? சந்தை நிறையத் தக்காளி, ஆவணிதானே, நீட்டு நீட்டாக, பழுத்து வெடிக்கிற பழங்கள், நேற்றுக்கூட இரண்டு கிலோ வாங்கியிருக்கலாம். வாங்கப் போனவள் வெங்காயத்தோடு திரும்பிவிட்டாள். அலுமாரிக்கு மேலே போன ஆவணிப் போத்தல் இரண்டு மிஞ்சியிருந்தன. அந்த நாளைச் சிந்தாமல் அடைத்து வைத்த மாதிரி இரண்டு. அன்றைக்கு விடிய நாலு மணிக்கே மூன்று பேருமாகப் பீனாவோடு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். பழங்களைக் கழுவி, பிளந்து, அவித்து, கைப்பிடி சுற்றுகிற அரைப்பானுக்குள் போட்டார்கள். மிதுஷா இரண்டு கையாலும் சுற்றினாள், தோலும் விதையும் ஒரு பக்கம் வந்தன, சாறு மற்றப் பக்கம் வந்தது. அவளுடைய அப்பா குகதாசன் புனல் பிடித்தார், ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு பசிலிக்கோ இலையைத் துடைத்துப் போட்டார், ஈரத்தோடு போட்டால் பீனா கத்துவாள். மூடி பூட்டுவது தர்மினியின் வேலை. பிறகு பெரிய இரும்புப் பீப்பாவில் போத்தல்களை அடுக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் இடையிடையே பழந்துணி சுற்றி, தண்ணீர் நிரப்பி நெருப்பு மூட்டினார்கள். அவிந்த பிறகு தொடக் கூடாது. அடுத்த நாள் வரை, தண்ணீர் தானாக ஆறும் வரை, ஒருவரும் ஒன்றையும் வெளியே எடுத்துப் பார்க்கக் கூடாது, அவசரப்பட்டு எடுத்தால் வெடிக்கும். குகதாசன் பீப்பாவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "இதுக்குள்ள கிடக்கிறது பிள்ளைத்தாய்ச்சி மாதிரி, தர்மினி, ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ" என்றார். பீனாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் சிரித்து இருமி ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு மூடி ஏழு குறைந்தது. புது மூடிதான் போட வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதிது, பழைய மூடியின் உள்வளையம் தேய்ந்திருக்கும், காற்றைப் பிடிக்காது, அதையும் பீனா விரலை ஆட்டித்தான் சொல்லியிருந்தாள். தர்மினிக்குத் தெரியும். ஆனால் அவளுடைய வீட்டில் ஒரு பைக்குள் பழைய மூடிகள் இருந்தன, கழுவித் துடைத்து வைத்தவை. அவளால் மூடி எறிய ஏலாது. சின்ன வயதில், யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் இல்லை மண்ணெண்ணெயும் வராது என்றிருந்த காலத்தில், ஜாம் போத்தல் மூடியில் ஓட்டை போட்டுத் திரி கோத்துத்தான் விளக்கு. மூடி இல்லாத போத்தல் வெறும் போத்தல், மூடி இருந்தால் அது வெளிச்சம். இடம்பெயர்ந்து போனபோது அம்மா இரண்டு மூடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தா. அப்போது தர்மினிக்கும் ஒன்பது வயது. அப்பா வீட்டோடு நிற்கிறேன் என்றார், அம்மா ஊரைவிட்டுப் பாலம் தாண்டப் போகிறேன் என்றா. அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுத்தார்கள், நடந்தாள். அந்தப் பையை எடுத்து வந்து, ஏழு பழைய மூடிகளைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, ஏழு போத்தலுக்குப் பூட்டினாள். யாரும் காணவில்லை. அடையாளம் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை; மறைத்துச் செய்கிற வேலைக்கு யார் அடையாளம் வைப்பார்கள்? அறுபது போத்தலுக்குள் ஏழு. கார்த்திகையில் ஒன்று, தையில் ஒன்று என்று திறக்கும்போதெல்லாம் பெருவிரலை வைத்து மூச்சை அடக்குவாள், மூடி கல்லாக இருக்கும், மூச்சு வரும். ஐம்பத்தெட்டுப் போத்தல் திறந்தாயிற்று. ஒன்றும் பேசவில்லை. அப்படியானால் அந்த ஏழும் நல்ல மூடிகள்தானோ? அல்லது மிஞ்சின இரண்டில் ஒன்று, ஒரு வருடமாக, அலுமாரிக்கு மேலே இருட்டில், மெல்ல மெல்ல.

மாசியில் குகதாசன் பொலோஞ்ஞாவுக்கு வேலைக்குப் போனார், வடக்கே, றெயினில் ஒரு நாள் தூரம். சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முன்னமே வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் நல்லது என்று மூடிக்குச் சொல்லலாம், மனிசருக்கு யார் சொன்னது? பங்குனியில் தொலைபேசியில் நிதானமாகச் சொன்னார், இனித் திரும்பி வரமாட்டேன் என்று. பிள்ளை? பிள்ளையை இழுபடுத்தக் கூடாது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். புரட்டாதியில் பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் ஒரு நாள் அவர் வருவார், மேசையில் மூன்று பேரும் இருப்பார்கள், யாரோடு இருக்க விருப்பம் என்று அவர் கேட்பார், மிதுஷா சொல்லட்டும். அதுவரை அவரும் கேட்கக் கூடாது, இவளும் கேட்கக் கூடாது, ஆசை காட்டக் கூடாது. தர்மினி ஐந்து மாதம் கேட்கவில்லை. தலை இழுத்துப் பின்னும்போது கேட்கவில்லை, காய்ச்சலில் படுத்தபோது கேட்கவில்லை, "அம்மா, பொலோஞ்ஞாவில பனி கொட்டுமாம்" என்று பிள்ளை தானாகச் சொன்னபோதும் "ஓமாம்" என்றதோடு நிறுத்தினாள். பீப்பாவுக்குள் கை விடவில்லை. ஆனால் இன்றைக்குக் காலமை கதிரை போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து இந்தப் போத்தலை இறக்கினாள். உலகத்தில் மிதுஷா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஒரே சாமான். இது கேட்பது இல்லையா? பிளக். வாயால் கேட்டால்தான் கேள்வியா? வீடு முழுக்க இந்த வாசத்தை நிரப்பி வைத்து, யன்னலையும் சாத்தி வைத்து. சிறோக்கோ அடிக்கிறது, அதற்காகத்தான் சாத்தினேன் என்று தனக்குத்தானே சொன்னாள். பிளக். யாரோ அறைக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தாள்.

மிதுஷா நின்றாள், கையில் ஒரு துண்டு பாணோடு. சோஸ் வைக்கிற நாளில் வழக்கமாக நடக்கிறதுதான். பாதி வெந்த சோஸுக்குள் பாணைத் தோய்த்து, ஊதி ஊதித் தின்பாள், சட்டையில் ஒரு சொட்டு விழும். அவளுடைய கை பானைக்கு மேலே நீண்டது.

"வேண்டாம்!"

குரல் தான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. பாண் அந்தரத்தில் நின்றது.

"ஏனம்மா?"

"இன்னும் ஆகேல்ல. சுடும்."

"ஒவ்வொரு தரமும் சுடத்தானே செய்யும்?"

"பொறு எண்டால் பொறன்."

மிதுஷா பாணை வெறுமையாகக் கடித்தாள். தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சப்பினாள். தர்மினி மூடியை எடுத்தாள், வைத்தாள். கேட்டுவிட்டால் முடிந்துவிடும். ஒரு சின்னக் கேள்வி, லைட்டரைப் பற்றி, அதில் என்ன இருக்கிறது? ஆனால் ஐந்து மாதமாகக் கேள்வி கேட்காமலே இருந்த வாய், இன்றைக்கு ஒன்றைத் திறந்தால் பின்னால் நிற்கிற மற்றதும் வந்துவிடுமோ என்று நாக்கு பயந்தது.

"மிது, உன்னட்டை ஒண்டு கேக்கட்டே?"

பிள்ளை சப்புவதை நிறுத்தியது.

"காலமை விடுகதை சொல்லேக்குள்ள, லைட்டர் அடிச்சனியே?"

"லைட்டரோ?"

"ஓம். கையில வைச்சிருந்தனியெல்லோ. டிக்கெண்டு அடிச்சனியே?"

மிதுஷா நெற்றியைச் சுருக்கினாள். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை, அதுதான் தொல்லை. "அடிச்சிருப்பன். அடிக்காமலும் இருந்திருப்பன். நினைவில்லையம்மா." பிறகு, போகிற போக்கில், வாசலில் நின்று சொன்னாள்: "நீங்கள் வேற ஏதோ கேக்கப் போறீங்கள் எண்டு நினைச்சன்."

பன்னிரண்டே முக்கால். எண்ணெய் பிரிந்து ஓரங்களில் சிவப்புக் கண்ணாடி மாதிரி நின்றது. சோஸ் ஆகிவிட்டது. இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. அகப்பையை நிமிர்த்தினால் முதுகில் கெட்டியாகத் தங்கியது, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடவில்லை. விரலில் இருந்ததை நக்கப் போனவள் நின்றாள். கழுவினாள். ஒன்றரை மணித்தியாலம் கொதித்திருக்கிறது, பத்து நிமிடம் போதுமாம், இது ஒன்பது தரம் பத்து நிமிடம். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்றால் முதலில் நீ குடி. சரி, குடிப்பேன். குடித்தால் உனக்கு நாளைக்குத்தான் தெரியும், பிள்ளை இன்றைக்குச் சாப்பிட்டுவிடும். சாப்பிட்டுவிட்டு, வாயெல்லாம் சிவப்பாக, அம்மாவோடு இருக்கிறேன் என்று சொல்லும். சொல்லுமா? சொல்லும். நாளைக்குக் காலமை எழும்பி, அம்மா, எனக்கு நீங்கள் இரண்டாகத் தெரியிறீங்கள் என்று சொல்லும். தர்மினி அடுப்பை அணைத்தாள். அந்த மூடி பேசவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் என்ன? இந்தச் சோஸைச் சாப்பிட்டுவிட்டு பிள்ளை சொல்லுகிற விடையை, இனி எத்தனை வருடம் பெருவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள்? அமுக்கும் போதெல்லாம் அது டிக்கென்னும். பானையின் இரண்டு காதையும் துணியால் பிடித்தாள். பாரமாக இருந்தது. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு ஊற்றினாள். சிவப்பு சுழன்று சுழன்று துவாரத்துக்குள் இறங்கியது, ஒரு கறுத்த பசிலிக்கோ இலை மட்டும் போகமாட்டேன் என்று வளையத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை இரண்டு விரலால் எடுத்துக் குப்பையில் போட்டபோது வாசல் மணி அடித்தது.

குகதாசன் மெலிந்திருந்தார். தலைமயிரில் செம்மண் தூள் படிந்திருந்தது. உள்ளே காலெடுத்து வைத்ததும் மூக்கை நிமிர்த்தினார்.

"ஆகா, சோஸ்! கீழ மூண்டாம் மாடியிலேயே மணக்குது. பொலோஞ்ஞாக்காரர் இதுக்குள்ள இறைச்சியைப் போட்டுக் கெடுத்துப்போடுவினம், தர்மினி. ஆறு மாசமா நாக்குச் செத்துப் போச்சு."

"இருங்கோ," என்றாள். பத்து நிமிடம் கழித்து மூன்று கோப்பை வைத்தாள். எண்ணெயும் உள்ளியும் மட்டும் போட்டுப் பிரட்டிய ஸ்பகெட்டி, வெளிறி, பளபளவென்று இருந்தது. மிதுஷா கோப்பையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கழுவிக் கவிழ்த்திருந்த பானையைப் பார்த்தாள்.

"சோஸ் எங்க?"

"ஊத்திப்போட்டன்."

"முழுக்கவோ?"

"மூடி பேசின மாதிரிக் கிடந்தது."

குகதாசன் முள்ளுக்கரண்டியை வைத்தார். "இவ்வளவு நேரம் கொதிச்சதையோ ஊத்தினனீர்? கொதிச்சால் ஒண்டும் இராதே."

"தெரியும்." தர்மினி மேசைத் துணியின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள். ஒரு வருடம் விரலுக்குக் கீழே வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. "போன வருஷம் நான் ஏழு போத்தலுக்குப் பழைய மூடி போட்டனான். பீனாவுக்கும் சொல்லேல்ல, உங்களுக்கும் சொல்லேல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் கண்டனான். படியில பையோட ஏறி வந்தனீர். கொதிதண்ணிக்குள்ள போட்டதையும் கண்டனான்."

"கண்டிட்டு, ஏன் ஒண்டும் சொல்லேல்ல? மாசி மட்டும் நீங்களும் சாப்பிட்டிருக்கிறியள். பிள்ளையும் சாப்பிட்டது."

"இஞ்ச இருந்த மட்டும், ஒவ்வொரு தரமும் நீர் மூடியை அமத்தேக்குள்ள நானும் பின்னால நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான்." அவர் தண்ணீர் குடித்தார். "நீரும் சொல்லேல்லத்தானே."

யன்னல் கண்ணாடியில் காற்று மண்ணை அள்ளி எறிகிற சத்தம் கேட்டது. மிதுஷா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தர்மினி அவளுடைய கண்களைப் பார்க்கவில்லை. அவளுடைய கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த உள்ளித் துண்டுகளைப் பார்த்தாள். நாலு. இல்லை, ஐந்து.

"மிது," என்றார் குகதாசன். "நாலு மணிக்கு அப்பான்ர றெயின். அம்மாவும் நானும் கதைச்சு வைச்சதுதான். உனக்கு என்ன விருப்பமோ அதைச் சொல்லு. ஒருத்தரும் கோவிக்கமாட்டம். அப்பிடித்தானே, தர்மினி?"

"ஓம்," என்றாள்.

மிதுஷா இறங்கிப் போய், தான் இருந்த கதிரையை அலுமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறினாள். மிஞ்சியிருந்த போத்தலை இரண்டு கையாலும் இறக்கி மேசையில் வைத்தாள். வலக்கைப் பெருவிரலை மூடியின் நடுவில் வைத்து, காதை அதற்குக் கிட்டக் கொண்டுபோய், அமுக்கினாள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தரம், இன்னும் பலமாக அமுக்கினாள்.

"பேசேல்ல," என்றாள்.

தன் அறைக்குப் போய் ஒரு பழைய சட்டையை எடுத்து வந்து, பீப்பாவுக்குள் அடுக்குகிற மாதிரிப் போத்தலை அதில் சுற்றித் தன் புத்தகப் பைக்குள் நிறுத்தி வைத்தாள். பையின் வாயைப் பூட்டினாள். பிறகு, தான் அப்பாவோடு போவதாகச் சொன்னாள்.